அரை இடம் தள்ளி

(மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம். கிட்டாரில் வாசித்துக் காட்டிய இடங்கள் அடைப்புக்குறிக்குள் குறிக்கப்பட்டுள்ளன.)



1964-இல் மில்லி ஸ்மால் என்ற ஜமைக்கப் பெண் லண்டனில் 'மை பாய் லாலிபாப்' என்ற பாட்டைப் பாடிப் பதிவு செய்தார். பதின்வயதுப் பெண், கீச்சுக் குரல். பாட்டு ஏறக்குறைய இரண்டு நிமிடம்தான். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலின் இரண்டாம் இடம் வரைக்கும் அது ஏறியது. ஸ்கா என்ற இசையை ஜமைக்காவுக்கு வெளியே பெருங்கூட்டம் முதன்முதலாகக் கேட்டது இந்தப் பாட்டில்தான். இதற்கு வாத்திய அமைப்பு செய்தவர் எர்னஸ்ட் ராங்லின். அதே காலத்தில் சோஹோவில் ரானி ஸ்காட் நடத்திய ஜாஸ் கிளப்பில், பல மாதங்கள் இரவு வாசிப்புக்கு அமர்த்தப்பட்டிருந்த கிட்டார்க்காரரும் இதே ராங்லின்தான். லாலிபாப் பாட்டுக்கு ஆடியவர்களுக்கு அவர் பெயர் தெரியாது. கிளப்பில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கோ லாலிபாப் பாட்டு பிடித்திருந்தாலும் வெளியே சொல்லிக்கொள்ள மனம் வந்திருக்காது.

ஒரே கை இந்த இரண்டு வேலையையும் எப்படிச் செய்தது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

"கரீபிய நாட்டார் இசையை ஜாஸ் கிட்டாரோடு கலந்தவர்" என்று ராங்லினைப் பற்றி ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறார்கள். எதை, எந்த இடத்தில், எப்படிக் கலந்தார் என்று கேட்டால் பதில் வருவதில்லை. நாட்டுப்புற மெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, அடியில் பகட்டான கார்டுகளை வைத்து, நடுவில் கொஞ்சம் தனி வாசித்துவிட்டால் கலப்பு ஆயிற்று என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அப்படிச் செய்த இசைத்தட்டுகள் ஏராளம். ஓட்டல் வரவேற்பறைக்குப் பொருத்தமானவை, யாருக்கும் தொந்தரவில்லை. என் கட்சி வேறு. இந்தக் கலப்பு மெட்டில் நடப்பதில்லை, வலது கையில் நடக்கிறது. இடது கைப் பழக்கமுள்ள கிட்டார்க்காரர்கள் மன்னிக்க வேண்டும், மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் மென்டோ. ஜமைக்காவின் கிராமத்து இசைக்கு அதுதான் பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் தோட்ட முதலாளிகளின் வீட்டு விசேஷங்களில் குவாட்ரில் போன்ற ஐரோப்பிய நடனங்களுக்கு வாசித்தார்கள். பிறகு தங்கள் சொந்த விசேஷங்களுக்கும் அதையே வாசித்தார்கள், ஆனால் தங்கள் அழுத்தத்தோடு. பாஞ்சோ ஒன்று, கிட்டார் ஒன்று, கை முரசு ஒன்று, முடிந்தால் குழல். சில குழுக்களில் மூங்கிலிலேயே சாக்ஸஃபோன் செய்து வாசிப்பார்கள். 'ஷுகர் பெல்லி' என்று பெயர்பெற்ற வில்லியம் வாக்கர் அதில் கெட்டிக்காரர்.

இவற்றோடு ரம்பா பெட்டி என்று ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பெரிய மரப்பெட்டி, முன்பக்கத்தில் வட்டமாக ஓர் ஓட்டை. அந்த ஓட்டைக்குக் குறுக்கே சில உலோக நாக்குகள் திருகிப் பொருத்தப்பட்டிருக்கும். பழைய ரம்பத் தகடோ ஸ்பிரிங் பட்டையோ, கைக்குக் கிடைத்த எஃகு. வாசிப்பவர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து, குனிந்து, கால்களுக்கு நடுவே கையை விட்டு நாக்குகளை நெம்புவார். கியூபாவில் இதற்கு உடன்பிறப்பு உண்டு, மரிம்புலா என்பார்கள். ஆப்பிரிக்காவின் கட்டைவிரல் பியானோதான் இரண்டுக்கும் பாட்டன்.

நாக்குகள் சிலவே. ஆகவே சுரங்களும் சிலவே. பாட்டில் கார்டு மாறும்போது அதற்குப் பொருந்துகிற நாக்கு பெட்டியில் இல்லாமல் போகலாம். வாசிப்பவர் கவலைப்படுவதில்லை, கிட்ட இருப்பதைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். அந்தப் பெட்டியின் முதல் வேலை சுரம் சொல்வது அல்ல, இடம் சொல்வது. எந்த எண்ணிக்கையில் அடி விழ வேண்டும், எந்த எண்ணிக்கையைச் சும்மா விட வேண்டும் என்பதை அது சொல்கிறது. பிற்காலத்து ரெக்கேயில் பேஸ் கிட்டார் ஏன் அவ்வளவு இடைவெளி விட்டு விட்டு நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் பெட்டியைத்தான் காட்டுவேன்.

மேலே பாஞ்சோ அரை எண்ணிக்கைகளில் வெட்டிக்கொண்டே போகும். கடைசி எண்ணிக்கையில் ஓர் அழுத்தம். மெட்டு எளிமையானது, கார்டுகள் மூன்று. கேலி, ஊர்வம்பு, இரட்டை அர்த்தம் எல்லாம் பாட்டில் இருக்கும்.

நகரத்து நடுத்தர வர்க்கத்துக்கு இது பட்டிக்காட்டு இசை. ஆனால் சுற்றுலாப் பயணிக்கு வேண்டியிருந்தது. எனவே மென்டோ குழுக்கள் பூப்போட்ட சட்டையும் வைக்கோல் தொப்பியுமாக வடகரை ஓட்டல்களில் நின்றன. ஸ்டான்லி மோட்டா என்ற கிங்ஸ்டன் வணிகர் 1951 முதல் இதை இசைத்தட்டில் பதியத் தொடங்கினார். பல தட்டுகளில் 'கலிப்ஸோ' என்றே அச்சடித்தார்கள். கலிப்ஸோ டிரினிடாட்டின் சரக்கு. ஆனாலும் வெளிநாட்டுக்காரருக்குத் தெரிந்த பெயர் அதுதான். ஹாரி பெலஃபான்டே 1956-இல் வெளியிட்ட 'கலிப்ஸோ' தட்டு அமெரிக்காவில் 31 வாரம் முதலிடத்தில் நின்றது. அதில் மிகவும் புகழ்பெற்ற இரண்டு பாட்டுகளும் ஜமைக்க மரபிலிருந்து வந்தவை. டிரினிடாட்காரர்கள் இன்றும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிலர் சிரிப்பதில்லை.

இனி கிட்டார். ஜாஸில் கிட்டாருக்கு இரண்டு வேலை உண்டு. இரண்டுக்கும் ஒவ்வொரு முகத்தை வைத்துக்கொண்டால் புரிவது சுலபம்.

ஃப்ரெடி கிரீன் 1937-இல் கவுன்ட் பேஸியின் குழுவில் சேர்ந்தார். 1987-இல் இறக்கும்வரை ஐம்பது ஆண்டுகள் அதே வேலை. ஒலிபெருக்கி இணைக்காத கிட்டார், எண்ணிக்கைக்கு ஓர் இழுப்பு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தனி வாசிப்பு கிடையாது என்றே சொல்லிவிடலாம். ஊதுகொம்புகள் முழங்கும்போது அவர் வாசிப்பது காதில் விழாது. அவர் கை நின்றால் மட்டும் குழு நொண்டுவது தெரியும்.

சார்லி கிறிஸ்டியன் எதிர்ப்பக்கம். 1939-இல் பென்னி குட்மன் குழுவில் மின்கிட்டாரோடு வந்து, சாக்ஸஃபோன்போல ஒற்றை ஒற்றைச் சுரமாக நீண்ட வரிகள் வாசித்தார். 1942-இல் 25 வயதில் போய்விட்டார். அந்தச் சில ஆண்டுகளின் பதிவுகளைப் பாடமாக வைத்துக்கொண்டு உலகம் முழுக்கக் கிட்டார்க்காரர்கள் கற்றார்கள். கிங்ஸ்டனில் கற்ற ஒருவர் ராங்லின்.

ராங்லின் 1932-இல் ஜமைக்காவின் மான்செஸ்டர் வட்டாரத்தில் பிறந்தவர். மாமன்மார் வாசிப்பதைப் பார்த்துக் கிட்டார் பிடித்தவர். பதின்வயதிலேயே கிங்ஸ்டனின் நடன இசைக்குழுக்களில் சேர்ந்துவிட்டார். வால் பென்னட்டின் குழு, பிறகு எரிக் டீன்ஸின் குழு. அந்தக் குழுக்களில் அமெரிக்க சுவிங் வாசிக்க வேண்டும், லத்தீன் வாசிக்க வேண்டும், தாள் பார்த்து வாசிக்கத் தெரிய வேண்டும். மென்டோவும் வந்து போகும். கிரீனின் வேலையும் கிறிஸ்டியனின் வேலையும் ஒரே சம்பளத்துக்கு. 1950-களின் இறுதியில் மாண்டிகோ பே நகரின் ஹாஃப் மூன் ஓட்டலில் அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது கிறிஸ் பிளாக்வெல் என்ற இளைஞர் கேட்டார். அந்த இளைஞர் 1959-இல் தொடங்கிய ஐலண்ட் இசைத்தட்டு நிறுவனம்தான் பிறகு பாப் மார்லியை உலகத்துக்குக் கொண்டுபோனது. அதன் தொடக்கத்தில் ரெக்கே இல்லை. ஓட்டல் ஜாஸ்தான் இருந்தது.

இப்போது கொஞ்சம் கைவேலை. எல்லோரும் தொடையில் நான்கு எண்ணிக்கை போடுங்கள். கூடவே வாயால் 'தக திமி தக ஜுனு' சொல்லுங்கள். ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் இரண்டு எழுத்து. முதல் எழுத்து அடியோடு விழும், இரண்டாம் எழுத்து அரை இடத்தில் விழும்.

(ஒரே கார்டை நான்கு எண்ணிக்கையிலும் இழுத்து வாசிக்கிறார்.)

இது ஃப்ரெடி கிரீன். த, தி, த, ஜு. அடியோடு அடி. இப்போது விரலை மாற்றவில்லை, வேகத்தை மாற்றவில்லை. கை மட்டும் அரை இடம் தள்ளி எடுக்கிறது.

(அதே கார்டை அரை இடங்களில் வெட்டி வாசிக்கிறார்.)

க, மி, க, னு. யாரும் சொல்லாமலே உங்களுக்குக் கரீபியக் கடல் தெரிகிறது, இல்லையா? மெட்டு ஒன்றும் நான் வாசிக்கவில்லை. ஒரே கார்டு, அதுவும் கிரீன் பிடிக்கிற கார்டு.

இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். இல்லை, இங்கேதான் சங்கதி ஆரம்பிக்கிறது. ஜாஸ் சுவிங்கில் அரை இடம் சரியாக அரை இடத்தில் இல்லை. எண்ணிக்கையை நீங்கள் இரண்டாகப் பிரித்தீர்கள். சுவிங் வாசிப்பவர் திஸ்ரத்தின் பக்கம் சாய்வார். 'தகிட' என்று மூன்றாகப் பிரித்தால் அவருடைய இரண்டாம் சுரம் 'ட'வின் கிட்டத்தில் போய் விழும். மென்டோவின் பாஞ்சோ அப்படிச் சாய்வதில்லை, நிமிர்ந்தே வெட்டும். இந்த இரண்டையும் அறிந்த ஒருவர் அரை இடத்தில் வெட்ட வேண்டுமென்றால் எந்த அரை இடத்தில் வெட்டுவார்? நேர் அரையிலா, தள்ளிய அரையிலா?

1950-களின் இறுதியில் கிங்ஸ்டன் ஒலிப்பதிவுக் கூடங்களில் இந்தக் கேள்விக்கு வாசித்தே விடை தேடினார்கள். தெருவில் பெரிய ஒலிபெருக்கிகளை வைத்து நடனம் நடத்தியவர்கள் அதுவரை அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸ் தட்டுகளை வரவழைத்துப் போட்டுவந்தார்கள். அமெரிக்காவில் ரசனை ராக் அண்ட் ரோல் பக்கம் திரும்பியதும் அந்தச் சரக்கு வறண்டது. 'காக்சன்' டாட் போன்றவர்கள் உள்ளூர்க் கலைஞர்களைக் கூப்பிட்டு, அதே மாதிரி வாசியுங்கள் என்றார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் நடன இசைக்குழுக்களில் வளர்ந்த ஜாஸ்காரர்கள். குளூவெட் ஜான்சன் என்ற பேஸ் வாத்தியக்காரரின் பெயரில் 1959-இல் வந்த 'ஷஃப்ளின் ஜக்' என்ற தட்டைப் பலர் ஸ்காவின் முதல் பதிவு என்கிறார்கள். கிட்டார் ராங்லின். இப்படி எதையும் முதல் என்று முத்திரை குத்துவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. இசையில் முதல் என்பதைக் கண்டுபிடிப்பவர்கள் பெரும்பாலும் தட்டு விற்பவர்கள். ஆனால் அந்தத் தட்டைக் கேளுங்கள். நடை இன்னும் அமெரிக்க ஷஃபிள், திஸ்ரச் சாய்வு போகவில்லை. அரை இடத்து வெட்டு மட்டும் முன்னால் வந்துவிட்டது. அமெரிக்கத் தட்டுகளில் வாலாக இருந்தது இங்கே தலையாகிவிட்டது. ஸ்கா வளர வளரச் சாய்வு குறைந்து வெட்டு நேர் அரைக்கு நகர்கிறது. அந்தச் சந்தில், நேர் அரைக்கும் தள்ளிய அரைக்கும் நடுவே, மென்டோவும் ஜாஸும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. வேர் இது ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிட்டாருக்குள் நடந்தது இதுதான்.

லாலிபாப் பாட்டையும் இந்த இடத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். அதன் மெட்டு ஜமைக்காவினுடையது அல்ல. 1956-இல் பார்பி கே என்ற பெண் நியூயார்க்கில் பாடிய பாட்டு அது. அசலிலேயே ஒரு துள்ளல் உண்டு. ராங்லின் அதில் ஒரு நாட்டுப்புறச் சுரத்தைக்கூடச் சேர்க்கவில்லை. வெட்டை முன்னுக்குக் கொண்டுவந்தார், அவ்வளவுதான். கேட்டவர்கள் அனைவரும் அதை ஜமைக்கப் பாட்டு என்றே எடுத்துக்கொண்டார்கள். அது சரியும்கூட.

கையிலிருந்து கார்டுக்கு வருகிறேன். ஜாஸ் கார்டு என்றால் மூன்று சுரத்தோடு நிற்காது. ஆறாம் சுரம், ஏழாம் சுரம், ஒன்பதாம் சுரம் என்று அடுக்கிக்கொண்டே போகும். ஆறு தந்தியிலும் அப்படி ஒரு கார்டைப் பிடித்து அரை இடத்தில் அடித்துப் பாருங்கள்.

(வாசிக்கிறார்.)

கேட்டீர்களா? கார்டு ஒலித்துக்கொண்டே இருப்பதால் அடுத்த அடியின் மேல் வழிகிறது. குழைந்த சோறு மாதிரி எல்லாம் ஒட்டிக்கொண்டுவிட்டது. வெட்டு என்பது சத்தத்தால் வருவதில்லை, சத்தம் நிற்பதால் வருகிறது. அதற்கு இரண்டு வழி. ஒன்று, மேல் மூன்று தந்தியோடு நிறுத்திக்கொள்வது. ஒன்பதாம் சுரம் வேண்டுமென்றால் அடிச் சுரத்தை விட்டுவிடு, அதை பேஸ் பார்த்துக்கொள்ளும். ஃப்ரெடி கிரீனே பல சமயம் இரண்டு தந்தி, ஏன், ஒரே தந்தியைத்தான் ஒலிக்கவிட்டார் என்று அவர் வாசிப்பை ஆராய்ந்தவர்கள் சொல்வார்கள். இரண்டாவது வழி, அடித்த மறுகணம் இடது கை விரல்களைத் தளர்த்துவது. தூக்கிவிடக் கூடாது, தூக்கினால் வெறுந்தந்தி ஒலிக்கும். தந்தி மேலேயே விரல் இருக்க வேண்டும், அழுத்தம் மட்டும் போக வேண்டும்.

(மேல் மூன்று தந்தியில் வெட்டி வாசிக்கிறார்.)

இப்போது பாஞ்சோ வந்துவிட்டது. பாஞ்சோவின் தோலில் சத்தம் தானாகவே சீக்கிரம் செத்துவிடும். கிட்டாரில் அதை நாம் கொல்ல வேண்டும். ஜாஸிலிருந்து வந்த கார்டும் மென்டோவிலிருந்து வந்த வெட்டும் ஒரே விரலடியில் சேர்கிற இடம் இதுதான். கலப்பு என்று எனக்கு யாராவது காட்ட வேண்டுமென்றால் இதைக் காட்டட்டும்.

இதே பாடத்தை இன்னொரு வாத்தியத்திலிருந்து கொண்டுவந்தவர் லின் டெய்ட். டிரினிடாட்டின் சான் ஃபெர்னாண்டோக்காரர். முதலில் ஸ்டீல் பேன் வாசித்தவர். எண்ணெய்ப் பீப்பாயின் தலையைக் குழிவாகத் தட்டிச் சுரம் பிரித்துச் செய்கிற வாத்தியம் அது. 1962-இல் ஜமைக்கா விடுதலை பெற்றபோது விழாவுக்கு வாசிக்க வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். ஸ்டீல் பேனில் ஒரு சுரத்தை நீட்ட வேண்டுமென்றால் இரண்டு குச்சியாலும் அதையே படபடவென்று தட்டிக்கொண்டிருக்க வேண்டும். டெய்ட் அந்தப் படபடப்பைக் கிட்டாருக்கு மாற்றினார். வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகளின் முடிவில், பிரிட்ஜின் மேல் லேசாக வைத்து, சத்தத்தை அமுக்கி, பேஸ் போகும் வழியிலேயே கூடவே ஓடுவார். 1966-இல் ஹாப்டன் லூயிஸ் பாடிய 'டேக் இட் ஈஸி'யில் அவர் வாசிப்பைக் கேட்கலாம். ஸ்காவின் வேகம் தணிந்து ராக்ஸ்டெடி பிறந்த காலம் அது. கொப்பளிப்பதுபோல ஓர் ஒலி. கிட்டாரா, பேஸா, முரசா என்று சொல்ல முடியாது. பின்னால் வந்த ரெக்கே பதிவுகளில் பாதிக்கு மேல் அந்தக் கொப்பளிப்பு இருக்கிறது. ஆனால் டெய்ட் பெயர் சொன்னால் தெரிந்தவர்கள் குறைவு. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

மெட்டை எடுத்துக்கொண்டு போன பக்கத்தையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. சாக்ஸஃபோன்காரர் சன்னி ராலின்ஸ் 1956-இல் வாசித்த 'செயின்ட் தாமஸ்' ஜாஸ் உலகத்தில் மிகவும் பெயர்பெற்ற கரீபிய மெட்டு. அவர் தாயாரின் ஊர் வர்ஜின் தீவுகளில். சிறு வயதில் காதில் விழுந்த மெட்டு அது. ஓராண்டுக்கு முன்பு ராண்டி வெஸ்டன் என்ற பியானோக்காரர் அதை வேறு பெயரில் பதிவு செய்திருந்தார். ராலின்ஸின் தட்டில் கிட்டார் இல்லை, ஆனால் முரசில் மாக்ஸ் ரோச் இருக்கிறார். தொடக்கத்தில் அவர் தீவின் நடையைத் தருகிறார். அவருடைய தனி வாசிப்பு முடிந்து ராலின்ஸ் மறுபடி நுழையும்போது குழு மொத்தமும் சுவிங்குக்கு மாறிவிடுகிறது. அற்புதமான இடம்தான். ஆனால் கவனியுங்கள், இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்றுக்குள் ஒன்று வரவில்லை. 1962-இல் ஜிம் ஹால் என்ற அருமையான கிட்டார்க்காரரோடு ராலின்ஸ் 'டோன்ட் ஸ்டாப் தி கார்னிவல்' வாசித்தார். ஹாலின் ரசனையில் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவர் விடும் இடைவெளிகளுக்காகவே அவரைக் கேட்பவன் நான். இருந்தாலும் அந்தத் தட்டில் கொண்டாட்டம் சாக்ஸஃபோனில் இருக்கிறது. கிட்டார் நல்ல பிள்ளையாக ஒதுங்கி நிற்கிறது.

"ஜாஸ் தனி, கரீபியம் தனி என்று நீங்களே பிரிக்கிறீர்களே" என்று யாராவது கேட்கலாம். கேட்க வேண்டும். ஹெய்ட்டியில் அடிமைகள் நடத்திய புரட்சியின்போது வெளியேறி கியூபாவில் தங்கியிருந்தவர்கள் ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர் 1809-10-இல் நியூ ஆர்லியன்ஸ் நகருக்கு வந்து சேர்ந்தார்கள். நகரத்தின் மக்கள்தொகையே இரட்டிப்பானது. ஜாஸ் பிறந்தது அந்த ஊரில். ஆகவே இது அன்னியர்களின் சந்திப்பு அல்ல, பங்காளிகளின் சந்திப்பு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு 'பிலோ தி பேஸ்லைன்' என்ற ராங்லினின் 1996 தட்டைக் கேளுங்கள். பியானோவில் மாண்டி அலெக்சாண்டர், கிங்ஸ்டனில் பிறந்து அமெரிக்காவில் ஜாஸ் பெயரெடுத்தவர். முரசில் இட்ரிஸ் முகமது, நியூ ஆர்லியன்ஸ்காரர். ராங்லினும் அலெக்சாண்டரும் 1970-களிலிருந்தே சேர்ந்து வாசித்தவர்கள். மென்டோவைத் தலைப்பிலேயே ஒளித்துவைத்த 'ஜமென்டோ' 1978-இல் வந்தது. ஆனால் 1996 தட்டில்தான் இருவருக்கும் அவசரமே இல்லை. ரெக்கேயின் பழைய பேஸ் வரிகளை எடுத்து, அவற்றைத் தொடாமல் அப்படியே ஓடவிடுகிறார்கள். ஜாஸ்காரர்கள் வழக்கமாக பேஸை நடக்கவிடுவார்கள், கார்டுக்குக் கார்டு சுரம் மாறி மாறிப் போகும். இங்கே அது நடப்பதில்லை. அதே சில சுரங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லி, நடுவே வாயை மூடிக்கொள்கிறது. ரம்பா பெட்டியின் பேரன். அதன் மேல் ராங்லின் கிறிஸ்டியனிடம் கற்ற வரிகளை வாசிக்கிறார். ஆனால் வரி முடிகிற இடம் பாருங்கள், பெரும்பாலும் ஓர் அரை இடத்தில் வெட்டி முடிக்கிறார். தனி வாசிக்கும்போதும் அவருக்குள் பாஞ்சோக்காரர் தூங்கவில்லை.

இவ்வளவு நேரம் நான் சொன்னதை ஒப்புக்கொள்ளாத ஒருவரைப் பற்றியும் பேச வேண்டும். அவரும் ஜாஸ் கிட்டார்க்காரர்தான். குவாதலூப் தீவைச் சேர்ந்த ழெரார் லோக்கெல். பிரான்ஸில் ஜாஸ் வாசித்துவிட்டு 1969-இல் ஊர் திரும்பினார். அந்தத் தீவின் கிராமத்து இசை க்வோ கா. உப்பிட்ட இறைச்சி வந்த பீப்பாய்களில் தோல் போர்த்திச் செய்த முரசுகளிலிருந்து வளர்ந்தது. பூலா என்ற முரசைப் படுக்கவைத்து, அதன் மேல் கால் போட்டு உட்கார்ந்து, நடையை மாற்றாமல் வாசிப்பார்கள். மக்கே என்ற முரசு ஆடுபவரின் காலைப் பார்த்துப் பேசும். நடை ஏழு என்பது கணக்கு: தூம்ப்ளாக், கலாஜா, லெவோஸ் என்று பெயர்கள் போகும். பிரெஞ்சு ஆட்சியில் படித்தவர்கள் இதை இழிவாகப் பார்த்தார்கள். நகரத்தில் நாகரிகமானது பெகின் நடன இசை.

லோக்கெல் பெகினைக் காலனி ஆட்சியின் இசை என்று தள்ளினார். ஜாஸோடு கலப்பதையும் மறுத்தார். க்வோ காவுக்கே உரிய சுரவரிசை ஒன்று உண்டு, அது ஐரோப்பிய மேஜர்-மைனர் முறைக்குள் அடங்காது என்றார். அந்த வரிசையில் கிட்டாரை ஒற்றை வரியாக, கார்டே இல்லாமல், முரசுகளின் நடுவே வாசித்தார். 1976-இல் 'க்ரோ கா மொடேன்' என்று மூன்று தட்டுகள் கொண்ட தொகுப்பு வந்தது. 1981-இல் அதற்கு ஒரு பாடநூலே எழுதினார். தீவின் விடுதலையைக் கேட்டவர்களுக்கு அது அரசியலும் ஆயிற்று.

கேட்க எளிதான இசை அல்ல அது. முதல் தடவை கேட்பவர் கிட்டார் சுருதி விலகிவிட்டதோ என்று யோசிப்பார். லோக்கெலின் சுரவரிசைக் கொள்கையை நான் முழுக்க ஏற்கவில்லை. க்வோ காவின் பழைய பாடல்கள் பல மேஜர் வரிசைக்குள் அலுங்காமல் அடங்குகின்றன. வேண்டியதைத் தேடி எடுத்து இதுதான் மரபு என்று அவர் வரைந்தார் என்றே நினைக்கிறேன். ஆனால் என் வலது கைக் கொள்கைக்கு அவர் ஒரு முள். கை மட்டும் போதாது, விரல் தொடுகிற சுரமும் யாருடையது என்று கேட்க வேண்டும் என்கிறார். ராங்லினின் கார்டுகள் அமெரிக்காவினுடையவை. லோக்கெல் இந்த அவையில் இருந்திருந்தால் என்னிடம் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார். எனக்கு நிறைவான பதில் இல்லை. அவருக்குப் பின் வந்த கிறிஸ்தியான் லவிசோ போன்ற குவாதலூப் கிட்டார்க்காரர்கள் அந்தக் கண்டிப்பைத் தளர்த்திவிட்டார்கள். டேவிட் மர்ரே என்ற அமெரிக்க சாக்ஸஃபோன்காரரோடு லவிசோ வாசித்த 2004-ஆம் ஆண்டுத் தட்டில் க்வோ காவும் ஜாஸும் நேருக்கு நேர் மோதுகின்றன. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் அதை ரசிக்கிறேன்.

குவாதலூப் என்றதும் நம்மவர்கள் கதையும் வருகிறது, அதைத் தொடாமல் போக முடியாது. 1854 இறுதியிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல், கரும்புத் தோட்ட வேலைக்கென்று அந்தத் தீவுக்கு நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இந்தியாவிலிருந்து கொண்டுபோனார்கள். பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகப் போனவர்கள் நிறைய, தமிழர் மிகுதி. மாரியம்மனையும் மதுரை வீரனையும் இன்றும் அங்கே கும்பிடுகிறார்கள். பூசையில் தப்பு அடிக்கிறார்கள், அதன் பெயரும் அங்கே 'தப்பு'தான், சற்றே திரிந்த உச்சரிப்பில். கிட்டார் கதைக்குள் அது நேராக வருவதில்லை. ஆனால் கா முரசு ஒன்றே இந்நாட்டின் இசை என்று ஒரு கோடு கிழித்தால் தப்பு கோட்டுக்கு வெளியே நிற்கும். மரபைக் காப்பதற்காக வரையறை செய்பவர்கள் வாசலில் யாரை நிறுத்திவைக்கிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது. க்வோ கா 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ராங்லினும் வேரைத் தேடி ஒரு பயணம் போனார். 1998-இல் செனகலின் டாக்கர் நகரில், பாடகர் பாபா மாலும் அவர் கூட்டாளிகளும் உடன் சேர, ஒரு தட்டு பதிவு செய்தார். ஆப்பிரிக்காவில் தொலைந்த தாளத்தைக் கண்டுபிடிக்கப் போவதாகத் தலைப்பு சொல்கிறது. தலைப்பு சற்று மிகை. தட்டு நன்றாக இருக்கிறது. அங்கேயும் அவர் மெட்டுகளை வாரிக்கொள்ளவில்லை. செனகல் கிட்டார்களின் நடுவே தன் வெட்டுக்கு ஓர் இடம் எங்கே காலியாக இருக்கிறது என்று தேடி, அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறார். 66 வயதில்.

இப்போது 1996 தட்டிலிருந்து 'சர்ஃபின்' என்ற உருப்படியைப் போடச் சொல்லியிருக்கிறேன். ராங்லினே அமைத்தது. இரண்டு தடவை போடுவோம். முதல் தடவை கிட்டாரின் மெட்டைக் கேட்காதீர்கள், கஷ்டம்தான், இருந்தாலும் முயன்று பாருங்கள். பேஸ் எங்கே பேசாமல் நிற்கிறது என்பதை மட்டும் தொடையில் எண்ணிக்கொண்டு கேளுங்கள். இரண்டாவது தடவை கிட்டாருக்கு வாருங்கள், ஒவ்வொரு வரியும் எந்த எழுத்தில் முடிகிறது, 'த'விலா 'க'விலா என்று பாருங்கள். விடை ஒரே மாதிரி வராது, அதைப் பற்றிச் சண்டை போடத்தான் கேள்வி நேரம் வைத்திருக்கிறார்கள்.